ஏரியா காக்டெய்ல் பாரா, ஸ்டார் ஹோட்டலா, டாஸ்மாக்கா, மொட்டை மாடியா? கொங்குப் பக்கம் ஒரு சாயங்காலத்துக்கு எது சரி

ஒரே மாதத்தில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "கல்லூரிக் கூட்டாளிக நாலு பேர் கோயமுத்தூர்ல சேர்றோம், அதுல ஒருத்தி பொண்ணு, ஒருத்தன் குடிக்கவே மாட்டான், எங்க போய் உக்கார்றது" என்றார். ஈரோட்டில் இன்னொருவர். கல்யாணமாகி மூன்று வருடம், மனைவிக்குக் காக்டெய்ல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை குடித்துப் பார்க்க ஆசை, ஆனால் பார் என்றாலே இருவருக்கும் நினைவுக்கு வருவது இருட்டான ஏசி ரூமும் மேசைக்கு மேசை தடுப்புப் பலகையும்தான். மூன்றாவது என் சித்தப்பா மகன். வயது 23, முதல் சம்பளம், ரூம் நண்பர்கள் மூன்று பேருக்கு ட்ரீட் கொடுக்க வேண்டும், கையில் 4,000 ரூபாய்.

மூவருக்கும் போனில் துண்டு துண்டாகப் பதில் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, மூன்று பேருக்கும் பதில் வேறு வேறு. அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன். குடிக்காதவர்கள் குடிக்காமலே இருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம், யாரையும் இழுத்துவிட இதை எழுதவில்லை. போவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு எங்கே என்று முழிப்பவர்களுக்கு இது. தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலானவர்கள் விலையில் ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு இடத்தில் ஆரம்பிப்பேன்: எப்படி வீடு திரும்பப் போகிறோம்? இதற்கு விடை இல்லாமல் எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்தது, கூட்டத்தில் குடிக்காதவர் இருந்தால் அவர் அங்கே இரண்டு மணி நேரம் எப்படி இருப்பார்? ஒரு ஓரமாக வேர்க்கடலை தின்றுகொண்டு மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பாரா, இல்லை நம்மைப் போலவே கையில் ஒரு நல்ல கிளாஸோடு பேச்சில் கலந்திருப்பாரா? பெண்கள் வருகிறார்கள் என்றால் கழிவறை, வெளிச்சம், உள்ளே நுழையும்போது எத்தனை தலை திரும்பும் என்பதும் இதோடு சேர்த்தி.

அப்புறம்தான் பணம். அதையும் மெனு அட்டையில் இருக்கும் விலையாகப் பார்க்கக் கூடாது, வீட்டுக் கதவைத் திறக்கும்வரை ஆகும் மொத்தச் செலவாகப் பார்க்க வேண்டும். கிளாஸில் எத்தனை மில்லி போகிறது என்று நமக்குத் தெரிகிறதா என்பது இன்னொன்று. கடைசியாக, ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழுமா? நண்பர்கள் சேர்வதே பேசத்தானே.

## ஏரியா காக்டெய்ல் பார்

முதலில் ஒரு விளக்கம். வெளியூர்களில் இருப்பதுபோல் ஒரு தெருமுனைக் கடையை வாடகைக்குப் பிடித்துத் தனியாகக் காக்டெய்ல் பார் நடத்துவது தமிழ்நாட்டில் முடியாது. தனியார் பார் என்றால் ஹோட்டல்களுக்குத் தரும் எஃப்எல்-3 உரிமம், இல்லையென்றால் உறுப்பினர்களுக்கான கிளப்புகளுக்குத் தரும் எஃப்எல்-2 உரிமம். ஆகவே கோவையில் ஆர்.எஸ்.புரத்திலோ பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ "புதுசா ஒரு காக்டெய்ல் பார் வந்திருக்கு" என்று யாராவது சொன்னால், அது ஒரு நடுத்தர ஹோட்டலின் முதல் மாடியிலோ மொட்டை மாடியிலோ இருக்கும். கீழே ரிசப்ஷன், பக்கத்தில் ரெஸ்டாரண்ட், லிஃப்டில் ஏறினால் பார். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ரெஸ்டாரண்டுக்குப் போகிற மாதிரியே உள்ளே போகலாம், பெண்களுக்கும் அந்த முதல் பத்து அடி சங்கடம் குறைகிறது.

இந்த மாதிரி இடத்தின் பெரிய பலம், காக்டெய்ல் மெதுவாகக் குடிக்கிற பானம். ஒரு விஸ்கி சோரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 மில்லி விஸ்கி, 30 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக எலுமிச்சைச் சாறு, அதே அளவு சர்க்கரைப் பாகு, ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்டினால் அவ்வளவுதான். எலுமிச்சையின் புளிப்பு, பாகின் இனிப்பு, உள்ளே நிற்கும் விஸ்கியின் காரம் மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். சரியாகச் செய்திருந்தால் முக்கால் மணி நேரம் ஒரே கிளாஸோடு உட்காரலாம். அதே 60 மில்லியைத் தண்ணீர் கலந்து ஊற்றிக்கொள்பவர் பத்து நிமிடத்தில் அடுத்ததற்குக் கை காட்டிவிடுவார், என் மாமா ஒருவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான்.

சரியாகச் செய்திருந்தால் என்றேன். நம் ஊர்களில் பாதி இடங்களில் செய்வதில்லை. பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு, கெட்டியான பச்சை நிற சிரப், நீல நிற சிரப், இவற்றைத் தூக்கலாக ஊற்றிச் சரக்கைக் குறைத்து, மேலே ஒரு செர்ரிப் பழத்தைக் குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க மெனுவைப் படித்துப் பயனில்லை. கவுண்டர் பக்கம் போய், "ஏனுங்க, லெமன் புழிஞ்சு ஊத்துவீங்களா, பாட்டில்ல இருந்தா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். "புழிஞ்சுதானுங்ண்ணா" என்று சொல்லிவிட்டுப் பழத்தையே காட்டுகிற பையன் இருக்கும் இடத்தில் நம்பி உட்காரலாம். முதல் ரவுண்டுக்கு விஸ்கி சோரோ கிம்லெட்டோ (ஜின், எலுமிச்சை, பாகு) மாதிரி மூன்றே பொருள் உள்ளதைச் சொல்லுங்கள். ஒளித்துவைக்க இடமில்லாத பானம் அது, கைப்பக்குவம் உடனே தெரிந்துவிடும். மோஹிட்டோ சொன்னால் புதினா இலையைப் பாருங்கள். லேசாக நசுக்கியிருந்தால் வாசனை வரும், போட்டு அரைத்துக் கூழாக்கியிருந்தால் கசப்புதான் வரும்.

ஜிஞ்சர், நன்னாரி, பொள்ளாச்சி இளநீர், கருப்பட்டிப் பாகு என்று நம்ம பக்கத்துப் பொருட்களைச் சேர்த்துச் செய்கிற இடங்களும் தலைகாட்ட ஆரம்பித்திருக்கின்றன. எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். நன்னாரியும் எலுமிச்சையும் ஜின்னோடு சேர்வதுபோல் வேறெதுவும் சேருமா என்று தெரியவில்லை. இன்னொரு பக்கம், நெக்ரோனி மாதிரி இத்தாலியக் கசப்பு மது கேட்கிற காக்டெய்லை மெனுவில் பார்த்தால் முதலில் "பாட்டில் இருக்கா" என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் எல்லா பார்களும் டாஸ்மாக் மொத்த விற்பனை வழியாகத்தான் சரக்கு எடுக்க வேண்டும், 1983-லிருந்து அப்படித்தான். அங்கே இல்லாதது இங்கேயும் இல்லை, அப்போது வேறு எதையோ ஊற்றிச் சமாளிப்பார்கள்.

மறைந்த செலவுகளுக்கு வருகிறேன். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில அரசின் வாட் வரி உண்டு. மெனுவில் இருக்கும் விலை வரி சேர்த்தா சேர்க்காமலா என்று ஆர்டருக்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது. உணவுக்கும் மது சேர்க்காத மாக்டெய்லுக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. பில்லின் அடியில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று இருந்தால், அது கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். அந்தப் பணத்தில் கொஞ்சத்தைக் குலுக்கிக் கொடுத்த பையன் கையில் நேரடியாகக் கொடுங்கள், அவனுக்குப் போய்ச் சேரும்.

பணமில்லாத செலவு ஒன்று இருக்கிறது, கொங்கு ஊர்களில் அதுதான் பெரிய செலவு: தெரிந்தவர் கண். ஏரியா பார் என்றால் ஏரியா ஆட்கள்தான் வருவார்கள். பக்கத்து மேசையில் அப்பாவோடு வேலை பார்த்தவர் உட்கார்ந்திருப்பார், லிஃப்டில் பெரியம்மா வீட்டுச் சம்பந்தி நிற்பார். இந்தப் பக்கம் குடிக்கு எப்போதும் ஒரு மறைவு உண்டு. ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததே 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான். குடிக்கும் ஆண்களைக் கண்டும் காணாமல் விடும் அதே ஊர், கையில் கிளாஸோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் மறுநாள் காலைக்குள் அவள் வீட்டுக்குச் சேதி சொல்லிவிடும். இது நியாயமில்லை, ஆனால் வருகிறவள் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால் கூட்டத்தில் பெண் இருந்தால் இடத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவளிடம் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலா, ஊருக்கு அந்தப்பக்கமா என்று அவள் சொல்லட்டும்.

சத்தம் இன்னொன்று. சனிக்கிழமை ராத்திரி டிஜே வைத்துவிட்டால் எதிரே இருப்பவர் வாயசைவு மட்டும்தான் தெரியும். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம், அன்றைக்கு எல்லா இடமும் நிரம்பிவிடும். செவ்வாய், புதன் மாதிரி நாளில் ஏழு மணிக்குப் போனால் அதே இடம் வேறு இடமாக இருக்கும். பார்டெண்டருக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.

## ஸ்டார் ஹோட்டல் பார்

அவினாசி ரோட்டிலும் ரேஸ்கோர்ஸ் பக்கமும் இருக்கிற பெரிய ஹோட்டல்களைச் சொல்கிறேன். வெளிச்சம், சுத்தம், பாதுகாப்பு, சோஃபா, மெதுவான இசை எல்லாமே இருக்கும். பெண்கள் தனியாக வந்து உட்கார்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர்க்காரர்கள் கண்ணில் படும் வாய்ப்பும் குறைவு, ஏனென்றால் பாதிப் பேர் பஞ்சு, பம்பு, மெஷின் வியாபாரமாக வந்த வெளியூர்க்காரர்கள்.

விலைதான். ஏரியா பாரில் 500, 600 கொடுக்கும் காக்டெய்லுக்கு இங்கே 900-க்கு மேல் கொடுத்திருக்கிறேன். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஹோட்டல் என்றால் அங்கே உள்ள ரெஸ்டாரண்டில் உணவுக்கு ஜிஎஸ்டி 5 இல்லை, 18 சதவீதம். நாலு பேர் நாலு ஸ்டார்ட்டர் சொன்னால் வரியே ஒரு சாப்பாட்டு விலைக்கு வந்துவிடும். தண்ணீர் பாட்டிலையும் கவனியுங்கள், கேட்காமலே திறந்து வைத்துவிடுவார்கள். சாதாரணத் தண்ணீர் போதும் என்று முதலிலேயே சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எப்போது இது சரி? இரண்டே பேர், ஆளுக்கு ஒரே ஒரு கிளாஸ், பெரிய சந்தர்ப்பம். அந்தக் கணக்கில் இது அவ்வளவு விலையாகவும் தெரியாது. எட்டுப் பேர் சேர்ந்து போகிற இடமாக மட்டும் இதை நினைக்காதீர்கள், பில் வரும்போது நட்பு சங்கடப்படும்.

## டாஸ்மாக்கும் அதை ஒட்டிய பாரும்

2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுக்க அரசின் கைக்கு வந்தது. கடைகள் மதியம் 12 முதல் இரவு 10 வரை. பலருக்குத் தெரியாத ஒன்று, கடையும் பாரும் ஒன்றல்ல. பாட்டில் கடையில்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பாரில் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில்களைச் சேகரிக்கவும் மட்டும் தனியாருக்கு டெண்டர் விடுகிறார்கள். ஆகவே அந்த பார்க்காரர் உங்களிடம் சம்பாதிப்பது டம்ளர், தண்ணீர், சைடிஷ் இவற்றில்தான். காளானும் ஆம்லெட்டும் சுண்டலும் ஏன் அந்த விலை என்று இப்போது புரியும்.

மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. லார்ஜ் என்பது 60 மில்லி, மூன்று பேர் ஆளுக்கு இரண்டு லார்ஜ் என்றால் 360 மில்லி, ஒரு ஆஃப் பாட்டில் 375. அவ்வளவுதான் செலவு. கோவையில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்குவார்கள், ஸ்டிக்கர் ஒட்டிய காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும். காட்டில் யானைகளின் காலில் உடைந்த பாட்டில் குத்துகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லி 2022-ல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் இது. பத்து ரூபாய்க்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.

ஆனால் குடிக்காதவர், பெண்கள் என்ற இரண்டு அளவுகோலிலும் இது நிற்காது. குடிக்காதவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. பெண்கள் போய் உட்காரக்கூடிய இடமாகப் பெரும்பாலும் இல்லை. காக்டெய்லுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பாட்டிலை வாங்கிவிட்டால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்ற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது, இரண்டோடு நிறுத்த நினைத்தவர்கூட மீதியை என்ன செய்வது என்று ஊற்றிக்கொள்வார். பாரில் கிளாஸ் கிளாஸாகக் காசு கொடுப்பதில் ஒரு தடை இருக்கிறது, இங்கே அந்தத் தடை இல்லை. எனக்கு இதுதான் இதன் உண்மையான விலை என்று தோன்றுகிறது.

## மொட்டை மாடி

கூட்டம் ஒத்துவந்தால் நான் இதைத்தான் சொல்வேன். அளவு உங்கள் கையில், பாட்டு உங்கள் கையில், படுக்கையும் அங்கேயே. கோவையில் டிசம்பர், ஜனவரி ராத்திரி மாடியில் வீசும் குளிர்காற்றுக்கு எந்த ஹோட்டல் மாடியும் ஈடாகாது.

காக்டெய்ல் செய்யப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். மூடி இறுகும் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, டீ வடிகட்டி ஒன்று, 30 மில்லி அளக்க இருமல் மருந்து மூடி இருந்தால் போதும். அந்த மூடியில் மில்லிக் கோடு போட்டிருக்கும், 10 மில்லிக் கோட்டுக்கு மூன்று தடவை ஊற்றினால் ஒரு ஸ்மால். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவில் கரைத்து ஆறவைத்தால் பாகு தயார், கருப்பட்டியிலும் செய்யலாம். ஐஸ்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். ஃப்ரிட்ஜ் ட்ரேயில் வருகிற பத்துக் கட்டி நாலு பேருக்கு முதல் ரவுண்டுக்கே பத்தாது. முந்தின நாளே டிபன் பாக்ஸ்களில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துப் பெரிய பெரிய துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள், பெரிய கட்டி மெதுவாகக் கரையும், பானம் நீர்த்துப் போகாது.

சாப்பாட்டுக்குப் பள்ளிபாளையம் சிக்கன். வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுச் செய்கிற அந்த வறுவலோடு இனிப்பும் புளிப்புமான எந்தக் காக்டெய்லும் ஒத்துப்போகும். கடைசியில் ஒரு பாத்திரம் அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் வைத்துவிட்டால் எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிடும்.

இதன் மறைந்த செலவு முழுக்க வீட்டுக்காரர் தலையில். முந்தின நாள் வாங்கல், ராத்திரி பரிமாறல், மறுநாள் பாத்திரம். அந்த வேலை பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண் மேல் விழுகிறது, அதை நான் பலமுறை பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். விருந்தாளிகள் கிளம்பும் முன் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவதாக முதலிலேயே பேசிவையுங்கள். வயதானவர்களோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளோ இருக்கும் வீடு என்றால் இந்த வழியையே விட்டுவிடலாம். அபார்ட்மெண்டில் பத்து மணிக்கு மேல் மாடியில் சத்தம் போட்டால் அசோசியேஷன் குரூப்பில் உங்கள் படம் வந்துவிடும்.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு இன்னொரு வழி இருப்பது தெரியும்: எல்லை தாண்டிக் கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, கேரளத்தில் இல்லை. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் அருமை. ஆனால் அது பகல் பொழுதுக்கான இடம், காலையில் இனிப்பாக இருக்கும் கள் சாயங்காலத்துக்குள் புளித்து வேகம் ஏறிவிடும். திரும்பி வரும்போது வண்டி ஓட்டக் குடிக்காத ஓர் ஆள் வேண்டும். ராத்திரிக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

## பணக் கணக்கு

நாலு பேர். மூவருக்கு ஆளுக்கு இரண்டு, குடிக்காதவருக்கு இரண்டு மாக்டெய்லோ ஜூஸோ, நடுத்தரமான சாப்பாடு. நான் கொடுத்த பில்களை வைத்துப் போட்ட தோராயம் இது, உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

| | ஏரியா காக்டெய்ல் பார் | ஸ்டார் ஹோட்டல் | டாஸ்மாக் பார் | மொட்டை மாடி |
|---|---|---|---|---|
| மது | 3,300 | 5,400 | 450 | 1,500 (பாதி பாட்டில் மீதி) |
| மற்ற பானம் | 500 | 900 | 100 | 300 |
| சாப்பாடு | 1,500 | 3,000 | 500 | 1,200 |
| வரி | 100-க்கு மேல் | 700-க்கு மேல் | விலையிலேயே | விலையிலேயே |
| வீடு திரும்ப | 500 | 500 | 500 | தங்கினால் எதுவும் இல்லை |
| மொத்தம் | சுமார் 6,000 | சுமார் 10,500 | சுமார் 1,600 | சுமார் 3,000 |

டாஸ்மாக் வரிசையில் வீடு திரும்ப 500 என்று போட்டதைப் பார்த்து என் சித்தப்பா மகன், "அங்க போறவன் எவனுங்ண்ணா டாக்ஸில போறான்" என்றான். அதைப் பற்றித்தான் அடுத்தது.

## வீடு திரும்புவது

ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம் ஊர் விஸ்கி, ரம், ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம். அப்படியானால் 60 மில்லியில் சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 20 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணை அந்த ஒரே ஒரு லார்ஜ் அந்தக் கோட்டின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தப் போதும். எடை குறைவானவர், வெறும் வயிற்றில் குடித்தவர் தாண்டியே போய்விடுவார், பெண்களுக்கு அதே அளவில் இன்னும் அதிகமாக ஏறும். உடம்பு ஒரு மணி நேரத்தில் கழிப்பது 7 முதல் 10 கிராம் வரை. இரண்டு காக்டெய்ல் என்றால் நாலு மணி நேரத்துக்குக் குறைந்து தெளியாது. மோர் குடித்தாலும் எலுமிச்சை சப்பினாலும் பிளாக் காபி குடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்று ஒன்று எல்லா மெனுவிலும் இருக்கும். பெயரில்தான் டீ, உள்ளே வோட்கா, ஜின், ரம், டக்கீலா, ஆரஞ்சு லிக்கர் ஐந்தும். ஒவ்வொன்றும் 15 மில்லி என்றாலே 75 ஆகிறது, பல இடங்களில் தாராளமாக ஊற்றுகிறார்கள், மேலே ஊற்றும் கோலா எல்லா வாசனையையும் மூடிவிடும். என் நண்பன் ஒருவன் ஒரு பாரில் அதில் இரண்டு குடித்துவிட்டு, "ஒண்ணுமே ஏறலடா" என்று பைக்கை எடுத்தான். தடாகம் ரோட்டில் ஒரு திருப்பத்தில் சறுக்கித் தோள்பட்டை எலும்பு உடைந்தது. எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. பின்னால் நான் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். சாவியை வாங்கிவைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்காத நாள் இல்லை.

ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். போகும்போதே கால் டாக்ஸி. காரில்தான் போயாக வேண்டும் என்றால் ஆக்டிங் டிரைவரை முன்கூட்டியே பேசிவையுங்கள், பல பார்களில் கேட்டால் அவர்களே ஆள் சொல்வார்கள். குடிக்காத நண்பனை டிரைவராக்குவதும் ஒரு வழிதான், ஆனால் அவனிடம் முதல் நாளே கேட்க வேண்டும். அன்றைக்கு அவன் சாப்பாடு, மாக்டெய்ல் எல்லாம் மற்றவர்கள் பங்கில் போக வேண்டும். பதினொரு மணிக்கு எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது சரியில்லை. வெளியூர்க்காரர்கள் மேலே காக்டெய்ல் பார் உள்ள அதே ஹோட்டலில் ஓர் அறை எடுத்துவிடலாம். நாலு பேர் பகிர்ந்தால் திருப்பூருக்கு டாக்ஸி வைப்பதைவிடப் பெரிதாக வித்தியாசம் வராது.

கிளம்பும் முன் நாட்காட்டியையும் பார்த்துவிடுங்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே தினம், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி, வள்ளலார் நினைவு தினம், திருவள்ளுவர் தினம், இந்த நாட்களில் கடையும் பாரும் எல்லாமே மூடியிருக்கும். திருவள்ளுவர் தினம் பொங்கல் லீவுக்குள்ளேயே வருகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊருக்கு வந்த கூட்டாளிகள் மாட்டுப் பொங்கலன்று ராத்திரி சேரலாம் என்று திட்டம் போட்டு ஏமாறுவது வருஷா வருஷம் நடக்கிறது.

## மூவருக்கும் நான் சொன்னது

சித்தப்பா மகனுக்கு மொட்டை மாடி. 4,000 ரூபாய்க்கு நாலு பேர் நிறைவாக இருக்கலாம், ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ளலாம். ஐஸ் வைப்பது எப்படி என்று மட்டும் போனில் அரைமணி நேரம் சொன்னேன். டாஸ்மாக்கை நான் தடுக்கவில்லை. ஆனால் முதல் சம்பளத்தின் நினைவு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன், அவனே முடிவு செய்தான்.

திருப்பூர் நண்பருக்கு ஏரியா காக்டெய்ல் பார், சனிக்கிழமை வேண்டாம், வியாழக்கிழமை. இடத்தை அந்தத் தோழியே சொல்லட்டும் என்றேன். அவள் தன் வீடு இருக்கும் வடவள்ளியை விட்டுச் சரவணம்பட்டிப் பக்கம் ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். குடிக்காத நண்பனுக்காக, அங்கே மாக்டெய்லும் புதிதாகப் பிழிந்த சாறில்தான் செய்கிறார்களா என்று போன் போட்டு விசாரிக்கச் சொன்னேன்.

ஈரோட்டுத் தம்பதிக்கு ஸ்டார் ஹோட்டல், கோவையில். ரயிலில் வந்து, ஓர் இரவு தங்கி, ஆளுக்கு ஒரே ஒரு காக்டெய்ல். அவருக்கு விஸ்கி சோர், அவர் மனைவிக்கு ஜின்னும் எலுமிச்சையும் சேர்ந்த லேசான ஏதாவது ஒன்று, முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன், மனைவி சைவம். பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கீழே போய் ஃபில்டர் காபி குடித்துவிட்டு ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று நடக்கலாம்.